கன்றுக்குட்டி தானாக வந்ததா?

கேள்வி, மார்ச் 6

"உலகமே பாவத்தில் கிடக்கிறது, மனந்திரும்புங்கள் என்று கூப்பிடுகிறவர்கள் நிறைய பேரைப் பார்த்துவிட்டேன். தாழ்மையை மட்டும் அவர்களிடம் பார்த்ததில்லை. அப்படிக் கூப்பிடுவதே மேட்டில் ஏறி நிற்பதுதானே? இன்னொன்று. ஆராதனையில் வாராவாரம் 'நான் பாவி' என்று சொல்கிறவர்கள் வீட்டில் ஒரு சின்னத் தப்பைக்கூட ஒப்புக்கொள்வதில்லை. மொத்தமாகப் பாவி என்று சொல்லிவிட்டால் சில்லறையாக எதையும் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது. கிறிஸ்தவர்கள் யாராவது நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்."

மார்ச் 6, இரவு

முதல் பகுதிக்கு மட்டும் இப்போது சொல்கிறேன். மத்தேயு 3ஆம் அதிகாரத்தில் "மனந்திரும்புங்கள்" என்று யோவான் ஸ்நானன் கூப்பிடுகிறார். ஜனங்கள் தங்கள் பாவங்களை அறிக்கையிட்டு, ஞானஸ்நானம் பெற யோர்தான் ஆற்றில் இறங்குகிறார்கள். அதே வரிசையில் இயேசுவும் வந்து நிற்கிறார். யோவான் தடுக்கிறார், இயேசு கேட்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் அதே "மனந்திரும்புங்கள்" இயேசுவின் வாயிலிருந்து வருகிறது. அதாவது, பாவம் அறியாதவர் முதலில் பாவிகளின் வரிசையில் நின்று நனைந்தார், பிறகுதான் கூப்பிட்டார். மேட்டில் நின்று கூப்பிடுவது எங்கள் தவறு. அழைப்பின் தவறு அல்ல.

லூக்கா 18இல் ஆலயத்துக்குப் போகும் இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் பக்திக்குப் பேர்போன பரிசேயன், இன்னொருவன் பாவி என்று எல்லாரும் ஒதுக்கிய ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன். பரிசேயன் தன் ஜெபத்தில் பக்கத்தில் நின்றவனைச் சுட்டிக்காட்டுகிறான்: "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்." ஆயக்காரனின் ஜெபத்தில் வேறு ஒருவருமே இல்லை. "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." அவ்வளவுதான்.

மார்ச் 7

"மனந்திரும்புதல் என்றால் வருத்தப்படுவதுதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. கிரேக்கத்தில் அந்தச் சொல் மெட்டனோயா, மனம் மாறுதல். எபிரெயத் தீர்க்கதரிசிகள் சொல்லும் ஷூவ் என்பது நடந்துகொண்டிருக்கும் வழியை விட்டுத் திரும்பி வருதல். நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் 'மனம்', 'திரும்புதல்' இரண்டையும் ஒரே சொல்லில் சேர்த்துவிட்டார்கள். இந்தச் சொல்லை இத்தனை வருடம் பிரித்துப் பார்க்காமலே சொல்லி வந்திருக்கிறேன்.

லத்தீன் வேதாகமத்தில் அதே இடம் "தவம் செய்யுங்கள்" என்று வாசிக்கும்படி இருந்தது. 1517இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 வாதங்களில் முதலாவதே இதைப் பற்றியதுதான்: விசுவாசியின் வாழ்க்கை முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றே கிறிஸ்து விரும்பினார் என்றார். ஒருநாள் அழுதுவிட்டு முடித்துக்கொள்ளும் காரியமல்ல என்று அர்த்தம்.

மார்ச் 9

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு மூன்று நாளாகப் பதில் எழுதிப் பார்த்து அழித்துக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் அது சரி. மறுக்க வழியில்லை.

மொத்தம், சில்லறை என்று அவர் சொன்னது மனதிலேயே நின்றுவிட்டது. காலையில் யாத்திராகமம் 32 வாசித்தேன். மோசே மலையில் இருக்கும்போது அவருடைய அண்ணன் ஆரோன் ஜனங்கள் வணங்குவதற்குப் பொன் கன்றுக்குட்டி செய்கிறான். 4ஆம் வசனத்தில் வேதம் தெளிவாகச் சொல்கிறது: சிற்பக்கருவியினால் கருப்பிடித்து ஒரு கன்றுக்குட்டியை "வார்ப்பித்தான்". மோசே வந்து கேட்கும்போது ஆரோன் சொல்வது 24ஆம் வசனம்: "அதை அக்கினியிலே போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது."

வார்ப்பித்தான். வந்தது.

பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உடைந்தது, உடைத்தேன். கெட்டது, கெடுத்தேன். நம் மொழியில் எத்தனையோ வினைகளுக்கு இப்படி இரண்டு கதவு உண்டு. ஒரு தப்பு நடந்தால் எந்தக் கதவு வழியாக வெளியே வருகிறோம் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். "வார்த்தை வந்துவிட்டது." "கை பட்டுவிட்டது." "மறந்து போச்சு." "பேச்சுவார்த்தை நின்னு போச்சு." யாரும் எதையும் செய்யவே இல்லை. எல்லாம் தானாக நடந்திருக்கிறது.

மார்ச் 10

நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். 1 சாமுவேல் 15:15. எதிரியின் எல்லாவற்றையும் அழித்துவிடு என்பது சவுல் ராஜாவுக்குக் கட்டளை. ஆடுமாடுகளை ஏன் உயிரோடு வைத்தாய் என்ற விஷயத்தில் அவன் பேசுவதைப் பாருங்கள். "கொண்டுவந்தார்கள்", "ஜனங்கள்... தப்பவைத்தார்கள்", "மற்றவைகளை முற்றிலும் அழித்துப்போட்டோம்." கட்டளையை மீறிய இடத்தில் 'அவர்கள்', கீழ்ப்படிந்த இடத்தில் 'நாங்கள்'. ஒரே வசனத்துக்குள் மாறிவிடுகிறது. கடைசியில் "நான் பாவஞ்செய்தேன்" என்றும் சொல்கிறான். ஆனால் அதே மூச்சில், என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான்.

தாவீதும் "பாவஞ்செய்தேன்" என்றுதான் சொன்னான். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைக் கொல்லவும் வைத்த பிறகு, தீர்க்கதரிசி நாத்தான் வந்து கண்டித்தபோது அவன் சொன்ன பதில் எபிரெயத்தில் இரண்டே சொல். அந்தப் பதிலில் அவன் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 12

நல்ல உதாரணம் ஒன்றும் வேண்டும் என்று கேட்டவருக்கு: ஜான் நியூட்டன். அடிமை வியாபாரக் கப்பலில் வேலை செய்தவர். 1748 மார்ச்சில் அட்லாண்டிக் கடலில் பெரும்புயலில் சிக்கித் தேவனை நோக்கிக் கதறினார். அந்தப் புயலோடு அந்தத் தொழிலை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்துவிட்டார். கிருபையைப் பற்றி அவர் எழுதிய பாடல் உலகம் முழுக்கப் பாடப்படுகிறது.

மார்ச் 13

திருத்தம். நேற்று எழுதியது தவறு, நான் தவறாக எழுதினேன். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் கேட்டதை அப்படியே ஒப்பித்துவிட்டேன்.

புயலுக்குப் பிறகும் நியூட்டன் தொழிலை விடவில்லை. 1750க்கும் 1754க்கும் இடையில் மூன்று முறை அடிமைக் கப்பலுக்குத் தலைவராகவே போனார். அந்தப் பயணங்களில் ஜெபமும் செய்தார், வேதமும் வாசித்தார். தளத்துக்குக் கீழே மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். 1754இல் கடலை விட்டதும் உடம்புக்கு முடியாமல் போனதால்தான். 1764இல் குருப்பட்டம் பெற்றார். அந்தப் பாடல் 1773 புத்தாண்டுக்காக எழுதியது. அடிமை வியாபாரத்துக்கு எதிராக வெளிப்படையாக எழுதியது 1788இல். கப்பலை விட்டு 34 வருடம் கழித்து. அதில் தன் பங்கை ஒப்புக்கொண்டு, இந்த அறிக்கை எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் நடந்த கொடுமையைத் தடுக்கவோ சரிசெய்யவோ முடியாத அளவுக்குத் தாமதமாக வருகிறது என்று எழுதினார். அந்த வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் பிரிட்டனில் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதே வருடம் டிசம்பரில் இறந்தார்.

ஞாயிறு பள்ளிக் கதையைவிட இது எனக்கு அதிகம் உதவுகிறது. மனம் ஒருநாளில் மாறிவிடுகிறது. அதற்குப் பின்னால் திரும்பி வர 40 வருடம் ஆகிறது. "நான் பாவி" என்று கப்பலில் ஜெபித்தவருக்கு, என்ன பாவம் என்பது அந்தத் தளத்துக்குக் கீழேயே இருந்தும் தெரியவில்லை.

மார்ச் 15

"தனி மனிதர்கள் சரி, சபைகள் எப்போதாவது பிறவினையில் பேசியிருக்கின்றனவா?" நல்ல கேள்வி. 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் ஜெர்மன் சுவிசேஷ சபைத் தலைவர்கள் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். எங்கள் மூலமாகப் பல மக்களுக்கும் நாடுகளுக்கும் அளவில்லாத வேதனை கொண்டுவரப்பட்டது என்றார்கள். இன்னும் தைரியமாக அறிக்கையிடாததற்காக, இன்னும் உண்மையாக ஜெபிக்காததற்காக, இன்னும் மகிழ்ச்சியாக விசுவாசிக்காததற்காக, இன்னும் அனலாக அன்புகூராததற்காக எங்களையே குற்றஞ்சாட்டுகிறோம் என்றார்கள்.

ஜெர்மனி இரண்டாம் உலகப் போரில் தோற்று ஐந்தே மாதம். ஊரெல்லாம் இடிந்து கிடக்கிறது. அந்த அறிக்கைக்குச் சொந்த ஜனங்களிடமே பெரிய எதிர்ப்பு வந்தது. அதனால் அவர்களை எளிதாகக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. இருந்தாலும் வாசிக்க வாசிக்க இரண்டு இடம் உறுத்துகிறது. ஒன்று, அந்த 'இன்னும்'. ஓரளவு தைரியமாக இருந்தோம், போதவில்லை என்று அது சொல்கிறது. இரண்டாவது, யூதர்கள் என்ற சொல்லே அதில் இல்லை. மொத்தம் இருக்கிறது, சில்லறை இல்லை.

மார்ச் 18

ஒரு வாரமாக ஆரோனையும் சவுலையும் நியூட்டனையும் எடுத்துக்கொண்டு பேசிவிட்டேன். என்னுடையதை எழுதாமல் இதற்கு மேல் இங்கே எழுதக்கூடாது.

ஆறு வருடத்துக்கு முன் அப்பா மருத்துவமனையில் கடைசி நாட்களில் இருந்தார். தம்பி வெளியூரில். எனக்கும் அவனுக்கும் வீட்டுப் பத்திரம் விஷயமாகப் பேச்சில்லை. அந்த இரவு மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வரவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். மணி பதினொன்று இருக்கும். வராந்தாவில் நின்று போனில் தம்பி பெயரை எடுத்தேன். திரையில் அவன் பெயர் தெரிகிறது, கட்டைவிரலை அழுத்தினால் போதும். அழுத்தவில்லை. விடியட்டும் என்று பையில் போட்டுக்கொண்டேன். அதில் கோபம் இருந்தது. அவன் ஓடிவந்து அழுது அப்பாவிடம் நல்ல பெயர் வாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். ஆம், அப்படித்தான் நினைத்தேன்.

விடிய நாலு மணிக்கு அப்பா போய்விட்டார்.

எல்லாரிடமும் நான் சொன்னது: "ராத்திரியே முயற்சி செய்தேன், லைன் கிடைக்கவில்லை. தகவல் போய்ச்சேரவில்லை."

போய்ச்சேரவில்லை. இந்த இழையில் தன்வினை என்று எழுதிய அன்று இரவுதான் இந்தச் சொல் நெஞ்சில் குத்தியது.

அடக்கத்துக்கு முன் தம்பி வந்து சேர்ந்தபோது அத்தை அவனைப் பார்த்து, "கடைசி நேரத்துலகூட உன் போன் எடுக்காதாப்பா" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். கையில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி. அதன் ஒரு கண்ணில் விரல்தடம் இருந்தது. சட்டை நுனியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருடம் சபையில் பாவ அறிக்கை ஜெபத்தை நடத்தியிருக்கிறேன்.

மார்ச் 19

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஆனால் "தேவனிடம் அறிக்கை செய்துவிட்டீர்கள், அவர் மன்னித்துவிட்டார், விட்டுவிடுங்கள்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சங்கீதம் 51இல் தாவீது "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக" என்று சொல்கிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். உரியா செத்துப்போயிருந்தான். தாவீது யாரிடம் போய்ச் சொல்வான்? என் தம்பி உயிரோடு இருக்கிறான்.

லேவியராகமம் 6 பாருங்கள். அயலானை ஏமாற்றுவதை அங்கே கர்த்தருக்கு விரோதமான பாவம் என்றே சொல்கிறது. ஆனாலும் பரிகாரம் நேராகக் கர்த்தரிடம் போகவில்லை. எடுத்ததை முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவனிடம் கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலியும் அதே நாளில்தான். மலைப்பிரசங்கத்திலும் இதே வழிதான்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு, பின்பு வா.

இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய ஆயக்காரன் சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் நியாயப்பிரமாணப்படி போதும். அவன் நாலத்தனை, அதாவது நாலு மடங்கு, என்கிறான். அது ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கோ விற்றவனுக்கோ விதித்த கணக்கு. யாரும் அவனைத் திருடன் என்று பிடித்து நிறுத்தவில்லை. தன்னைத் தானே அந்த வரிசையில் வைத்துக்கொண்டான்.

மார்ச் 21

இன்னொரு கருத்து வந்தது, அது என்னை உண்மையிலேயே நிறுத்தியது. "சொல்வதால் உங்கள் பாரம் இறங்கும், தம்பிக்குப் புதுக் காயம் உண்டாகும். அது மனந்திரும்புதலா, சுயநலமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இரண்டு நாள் அதையே யோசித்தேன். சொல்லாமல் இருப்பதே அன்பு என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்தது. அப்படித் தோன்றியதில் எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் ஒன்று ஞாபகம் வந்தது. தம்பி மனைவி ஒருமுறை சாதாரணமாகச் சொன்னாள்: அப்பா இறந்ததிலிருந்து அவன் இரவில் போனை அணைப்பதே இல்லையாம். சத்தத்தைக் கூட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பானாம். கழிவறைக்குப் போனாலும் கையோடு எடுத்துப்போவானாம்.

நான் கூப்பிடவே இல்லாத அந்த அழைப்பைத் தவறவிட்டது தான்தான் என்று ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறான். காயம் ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது. அதன்மேல் தப்பான பெயர் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சகோதரிக்கு: நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது.

மார்ச் 23

நடுவில் முதல் கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். "நீங்கள் உங்களையே இப்படி வெறுத்துக்கொள்வதுதான் தாழ்மையா?" என்கிறார்.

வெறுப்பு இல்லை. யோவான் 13ஐ வாசித்துப் பாருங்கள். பிதா எல்லாவற்றையும் தம்முடைய கையில் ஒப்புக்கொடுத்தார் என்று இயேசு "அறிந்து", எழுந்து, சீலையை எடுத்து அரையில் கட்டிக்கொள்கிறார். தாம் யார் என்று தெரிந்தவர்தான் குனிகிறார். அன்று அவர் கழுவிய சீடர்களின் கால்களில், அவரைக் காட்டிக்கொடுக்கப்போகும் யூதாசின் கால்களும் இருந்தன. தன்னைப் புழு என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் யாருடைய காலையும் கழுவ எழுந்திருக்க மாட்டான். ஆறு வருடம் நான் அப்படித்தான் இருந்தேன். "நான் ஒன்றுக்கும் உதவாதவன் ஆண்டவரே" என்று ஜெபித்தேன், கண்ணீர்கூட வந்தது. போனை மட்டும் எடுக்கவில்லை.

உலகம் பாவத்தில் கிடக்கிறது என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசும் இடம் லூக்கா 13. அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டுவிட்டு, இல்லை என்கிறார், உடனே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். எகிப்திய வனாந்தரத்தில் 4ஆம் நூற்றாண்டில் மோசே என்றொரு துறவி இருந்தார், முன்பு கொள்ளைக்காரர். தவறு செய்த ஒரு சகோதரனை விசாரிக்கக் கூடிய கூட்டத்துக்கு அவரை அழைத்தார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுத்துச் சுமந்துகொண்டு வந்தாராம். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டு போகின்றன, நான் பார்ப்பதில்லை, இன்று இன்னொருவனை நியாயந்தீர்க்க வருகிறேன் என்றாராம். அந்தச் சகோதரனை மன்னித்துவிட்டார்கள்.

அந்த ஈரத் தடத்தைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் கூப்பிட்டால் நீங்களும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 30

சொல்லிவிட்டேன். நேற்று இரவு.

என்ன சொல்ல வேண்டும் என்று முன்பே ஒரு தாளில் எழுதிவைத்திருந்தேன். எழுதியதில் முதலில் இருந்தது, "அந்த நேரத்தில் என் மனநிலை சரியில்லை" என்ற வரி. அதை அடித்தேன். "உன் மனம் புண்பட்டிருந்தால்" என்று ஒன்று. அதையும் அடித்தேன். கடைசியில் மூன்று வரிதான் மிஞ்சியது. "அப்பா இறந்த ராத்திரி நான் உனக்குப் போன் செய்யவில்லை. லைன் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். உன்மேல் இருந்த கோபத்தில் செய்தேன்."

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

சொன்னேன். நீண்ட நேரம் அவன் பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அப்பா என்னைக் கேட்டாராண்ணா?" என்றான்.

தாளில் இதற்குப் பதில் இல்லை. கேட்கவில்லை என்று சொன்னால் அவனுக்கு இலகுவாக இருக்கும் என்று ஒரு நொடி தோன்றியது. இன்னொரு பொய்.

"ரெண்டு தடவை கேட்டார்" என்றேன்.

வைத்துவிட்டான்.

மார்ச் 31

மன்னித்தானா என்று கேட்கிறீர்கள். தெரியாது. அவன் மன்னிக்க வேண்டும் என்று நான் நாள் குறிக்க முடியாது. இயேசு சொன்ன உவமையில், தன் பங்குச் சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் கெட்டகுமாரன் "கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்று சொல்ல நினைத்துக்கொண்டு வந்தான். தகப்பன் அந்த வரியைச் சொல்லவே விடவில்லை. ஆனால் அங்கே ஓடிவந்தது தகப்பன். அந்தக் கதையில் ஓர் அண்ணனும் இருக்கிறான், அவன் வீட்டுக்கு வெளியே நிற்கிறான். இத்தனை வருடம் நான் வாசித்தது இளையவனின் கதை. என்னுடையது மூத்தவனின் இடம்.

ஏப்ரல் 5

பொய்யை யாரிடமெல்லாம் சொன்னேன் என்று கணக்கு எடுத்தேன். நினைவுக்கு வந்தவரை ஆறு பேர். தம்பியிடம் மட்டும் சொல்லிவிட்டு அவர்களிடம் நல்லவனாக நின்றால், அது மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று சவுல் கேட்டதுதான். போதகரிடம் சொன்னேன். பாவ அறிக்கை ஜெபத்தை இனி வேறொருவர் நடத்தட்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். சித்தப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, போ" என்றார், வேறொன்றும் பேசவில்லை.

அத்தையிடம் இன்று மதியம் போனேன். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். முதல் தடவை சொன்னது விழவில்லை. அந்த மூன்று வரியைச் சத்தமாக, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் அவனைச் சொன்னேனே" என்றார். "அத்தனை பேர் முன்னால சொன்னேனே."

தம்பி நம்பரைக் கேட்டார். ஒரு பழைய உறையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிப் பார்த்தார். நான் வெளியே வந்து செருப்பை மாட்டும்போது உள்ளே மணி அடிக்கும் சத்தம் கேட்டது. நின்று கேட்கவில்லை, வந்துவிட்டேன்.

எனக்கு அவனிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை சித்தி வீட்டுக்குப் போகிறேன்.